முலாமும் மின்சாரமும்

நம் இல்லங்களில் உள்ள உலோகப் பொருள்களுள் எத்தனை தம் உண்மை நிறத்தைக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே உண்டாகும். குளியலறைக் குழாய் வெள்ளிபோல் மின்னுகிறது, உள்ளிருப்பது பித்தளை. சைக்கிளின் கைப்பிடி கண்ணாடிபோல் முகம் காட்டுகிறது, உள்ளிருப்பது இரும்பு. குழந்தைக்குத் திருவிழாவில் வாங்கிய வளையல் பொன்னிறம், உள்ளிருப்பது செம்பு. சென்ற நவராத்திரியில் வெற்றிலை பாக்குடன் வந்த குங்குமச் சிமிழ் வெள்ளிதானா என்று அம்மையார் கையில் எடை பார்க்கிறார். அது பெரும்பாலும் முராதாபாத்துப் பித்தளையாகவே இருக்கும். மேலே தலைமயிரினும் மெல்லிய ஒரு வெள்ளிப் போர்வை, அவ்வளவே.

இப்போர்வைக்கு முலாம் என்று பெயர். இது எவ்வாறு ஏறுகிறது, எவ்வளவு கனம் உடையது, எவ்வளவு நாள் நிற்கும், யாரிடம் கொடுத்தால் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடும் என்பவற்றை ஒருவாறு அறிந்து வைத்திருப்பது, ஊர்விட்டு ஊர்வந்து, பழகிய பொற்கொல்லரும் பாத்திரக்காரரும் பக்கத்தில் இல்லாமல் குடித்தனம் நடத்தும் நமக்கு மிகவும் வேண்டுவதாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'கலாய்! கலாய்!' என்று கூவிக்கொண்டு இப்பகுதித் தெருக்களில் முன்பெல்லாம் அடிக்கடி வந்தவரும், இப்போது எப்போதேனும் வருபவருமான கலாய்க்காரர் செய்வது மின்முலாம் அன்று. அவர் பித்தளைப் பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, அதன்மேல் வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்து விடுகிறார். நவச்சாரம் பித்தளையின் அழுக்கை அகற்ற, உருகிய வெள்ளீயம் சுத்தமான உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. நாம் 'ஈயம் பூசுதல்' என்று சொன்னாலும் அங்கே பூசப்படுவது ஈயமாக இருத்தல் கூடாது. இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் நல்ல வெள்ளீயத்தால் ஆனதாகவே இருக்க வேண்டும். காரீயம் கலந்துவிட்டால் அது உடலில் மெல்லச் சேரும் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். ஆகவே, பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டாருடன் பேசப் போய்விட்டால் பூச்சு உருகி ஓரிடத்தில் திரண்டுவிடும்.

மின்முலாமில் நெருப்பு இல்லை, உருக்குதலும் இல்லை. ஒரு தொட்டி, ஒரு கரைசல், இரண்டு கம்பிகள், சிறிதளவு மின்சாரம் ஆகியவையே கருவிகள்.

மயில் துத்தத்தை நாம் அறிவோம். இங்குள்ள கடைகளில் 'நீலா தோதா' என்று கேட்டால் கொடுப்பார்கள். அது செம்பும் கந்தகத் திராவகமும் கூடிப் பிறந்த உப்பு. நீரில் கரைத்தால் அழகிய நீல நிறம் உண்டாகும். அந்நீரில் செம்பு உலோகமாக இல்லாமல், மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களாகத் திரிகிறது. இத்துகள்களை அயனிகள் என்பர். ஒவ்வொரு செம்பணுவும் தன் எலக்ட்ரான்களுள் இரண்டை இழந்து நேர்மின்னேற்றத்தோடு அலைகிறது. இக்கரைசலில் இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, ஒன்றை மின்கலத்தின் நேர்முனையோடும் மற்றொன்றை எதிர்முனையோடும் இணைத்தால், நேர்மின்னேற்றமுள்ள செம்புத் துகள்கள் எதிர்மின்வாயை நோக்கி நகர்கின்றன. அங்கே, இழந்த இரண்டு எலக்ட்ரான்களையும் பெற்று மீண்டும் செம்பாகி, அவ்வுலோகத்தின் மீதே படிந்து விடுகின்றன. முலாம் என்பது இப்படிவுதான்.

நேர்மின்வாயில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே தொங்குவது செம்புத் தகடாக இருந்தால் அது எலக்ட்ரான்களை விட்டுக் கரைசலில் கரைகிறது. இங்கே எவ்வளவு படிகிறதோ அவ்வளவு அங்கே கரைவதால் கரைசலின் நீலம் மங்குவதில்லை. நேர்மின்வாயில் கரித்துண்டைத் தொங்கவிட்டால் கரைவதற்கு ஒன்றும் இராது. நீரே பிளந்து பிராணவாயு குமிழியிடும். நீலமும் வரவர வெளுக்கும்.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. அதைக் கண்டு சொன்னவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்று, கட்டவந்த புத்தகங்களையே படித்து விஞ்ஞானியானவர் அவர். 1830-களின் முற்பகுதியில் அவர் வகுத்த விதிகளுள் முதலாவது, படியும் உலோகத்தின் எடை பாய்ந்த மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்பது. இரண்டாவதை இரயில்வேக்காரராகிய நம் வழியில் சொன்னால் எளிதாகும். எலக்ட்ரான் என்பதை ஒரு சீட்டு என்று கொள்வோம். வெள்ளி அயனி ஒரு சீட்டைக் கொடுத்தால் இறங்கிவிடும். செம்பும் நிக்கலும் தலைக்கு இரண்டு சீட்டுக் கேட்கும். அலுமினியம் மூன்று கேட்கும். ஆகவே, ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் வெள்ளி சற்றேறக்குறைய 4 கிராம் படியும், செம்போ 1.2 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், நிக்கல் 1.1 கிராமும் தான் படியும். அலுமினியம் கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் நீர்க்கரைசலிலிருந்து வாராது; உருகிய உப்பிலிருந்துதான் வரும். அலுமினிய ஆலைகள் மின்சாரத்தை ஏன் அப்படி விழுங்குகின்றன என்பது இதனால் ஒருபுறம் விளங்கும்.

இக்கணக்கு எவ்வளவு நம்பகமானது என்றால், 1948 வரையில் ஆம்பியர் என்னும் சர்வதேச அளவையே வெள்ளிப் படிவைக் கொண்டுதான் வரையறுத்து வைத்திருந்தார்கள். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலிருந்து வினாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மின்னோட்டம் எதுவோ அதுவே ஒரு ஆம்பியர். மின்சாரத்தைத் தராசில் நிறுத்தார்கள் என்றே சொல்லலாம்.

ஒரு பித்தளைத் தம்ளரை எடுத்துக்கொள்வோம். ஏழு சென்டிமீட்டர் அகலமும் ஒன்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. அடியோடு சேர்த்து அதன் வெளிப்பரப்பு சுமார் 236 சதுர சென்டிமீட்டர். அதன்மீது ஐந்து மைக்ரான் கனத்துக்கு வெள்ளி ஏற்ற வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு வேண்டிய வெள்ளி ஒன்றேகால் கிராமுக்குள்தான். இரண்டு ஆம்பியர் செலுத்தினால் பத்து நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். 'வெள்ளித் தம்ளர்' என்று சொல்லி விற்பவர் பேச்சில் எவ்வளவு வெள்ளி, தம்ளரில் எவ்வளவு வெள்ளி என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். 'ஜெர்மன் சில்வர்' என்பதன் பெயரிலும் மயங்க வேண்டா. அது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. ஒரு குன்றிமணி வெள்ளியும் அதில் இல்லை.

பத்து நிமிஷ வேலைதான் என்றாலும் அதற்கு முன்னும் பின்னும் ஆகும் வேலை அதிகம். முலாம் போடுகிறவரின் திறமை தொட்டியில் இல்லை, சுத்தம் செய்வதில் இருக்கிறது. பொருளைத் தேய்த்து மெருகிட்டு, காரநீரில் எண்ணெய்ப் பசையை நீக்கி, நீர் கலந்த திராவகத்தில் துருவையும் களிம்பையும் போக்கி, ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசி, பிறகே கரைசலில் இறக்குவார்கள். விரல் பட்ட பசை ஓரிடத்தில் இருந்தாலும் அவ்விடத்தில் முலாம் ஒட்டாது. ஒட்டினாற்போல் இருந்து சில மாதங்களில் உரிந்துவிடும். மின்னோட்டத்தை மிகுத்து அவசரப்படுத்தினாலும் படிவு கருகிப் பொடியாகப் போய்விடும். குழாய்த் தலைக்குப் பளபளப்பைத் தரும் குரோமியம் ஒரு மைக்ரானிலும் குறைவானதே. அதன்கீழ் நிக்கல் படிவு நன்கு கனமாக இருந்தால்தான் குழாய் ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலை மலிந்த குழாயில் குறைப்பது இந்த நிக்கலைத்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தானே சிக்கனம் செய்ய முடியும்!

வெள்ளிக்கும் பொன்னுக்கும் மற்றொரு சங்கடம் உண்டு. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் பித்தளையை இட்டால், மின்சாரம் இல்லாமலே வெள்ளி அதன்மேல் கரும்பொடியாகப் படிந்துவிடுகிறது. அப்படிவு விரல் பட்டால் உதிர்ந்து போகும். வெள்ளியை இறுகப் பற்றி வைத்திருந்து சிறிது சிறிதாக விடும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் வைத்தியராக இருந்த ஜான் ரைட் என்பவர், பொட்டாசியம் சயனைடு அவ்வேலையைச் செய்யும் என்று கண்டார். அவ்வூர் எல்கிங்டன் குடும்பத்தார் அம்முறையைத் தம்முடையதாக்கி 1840-இல் காப்புரிமை பெற்றனர். உலகெங்கும் வெள்ளி முலாம் தொழில் பெருகியது அதன் பிறகே. இத்தாலியில் புருஞ்ஞதெல்லி என்பவர் 1805-லேயே வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன் முலாம் பூசிக் காட்டியிருந்தாலும் அது அப்போது தொழிலாகப் பரவவில்லை. அதற்கு முன் இருந்த வழி, பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிப் பின் நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஓட்டுவது. பாதரசப் புகையைச் சுவாசித்தவர்கள் கதி சொல்லத் தரமன்று. ஒரு நஞ்சு போய் மற்றொரு நஞ்சு வந்தது என்பதே வரலாறு.

இனி, தாய்மார்கள் எதிர்பார்த்திருக்கும் பொன்னுக்கு வருவோம். எட்டுக் கிராம் பொன்னை, அதாவது ஒரு பவுனை, ஒரு மைக்ரான் கனமுள்ள போர்வையாக விரித்தால் பக்கத்துக்கு 64 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத்தை மூடும். சிறு மேசை ஒன்றின் பரப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மலிவான நகைகளில் பொன் பத்தில் ஒரு மைக்ரான்கூட இராது. அப்போது அதே ஒரு பவுன் நாலு சதுர மீட்டரை மூடும். எத்தனை நூறு வளையல்! ஆகவேதான் இந்நகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆகவேதான் வியர்வையும் சோப்பும் பட்டுச் சில மாதங்களில் செம்பு எட்டிப் பார்க்கிறது. நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரயில் பயணத்திலும் கூட்டத்திலும் பொன்னை அணிந்து அஞ்சுவதைவிடக் கவரிங் நகையை அணிந்து நிம்மதியாகப் போய்வருவது மேல் என்பதே நம் கருத்து. காதணியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பொன் முலாமுக்கு அடியில் நிக்கல் இருப்பது வழக்கம். நிக்கல் ஒவ்வாத தோல் பலருக்கு உண்டு. காது சிவந்து நீர் கசிந்தால் நகையைக் கழற்றிவிட வேண்டும்.

பொன் என்று விலை கொடுத்து வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். 16-6-2021 முதல் பொன் நகைக்கு ஹால்மார்க் முத்திரை மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. 1-4-2023 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் அதில் இருக்க வேண்டும். 22 காரட்டுக்கு உரிய எண் 916. முலாம் நகைக்கு இம்முத்திரை கிடையாது.

முலாம் ஏற்றும் கலையின் மறுபுறம் ஒன்று உண்டு. நகையை எதிர்முனையில் கட்டினால் பொன் ஏறும் என்றோம். அதே நகையை அதே கரைசலில் நேர்முனையில் கட்டினால் என்ன ஆகும்? பொன் கரைந்து கரைசலுக்குப் போகும்! நகை பளபளவென்று வெளியே வரும். ஆனால் எடை குறைந்து வரும். மின்சாரம் இல்லாமலும் இது கூடும். உப்புத் திராவகம் மூன்று பங்கும் வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கும் சேர்ந்த இராஜ திராவகம் பொன்னைக் கரைக்க வல்லது. வாசலில் வந்து, 'அம்மா, நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம், காசு ஒன்றும் வேண்டாம்' என்பவர்கள் கையில் இருக்கும் மஞ்சள் நீர் பெரும்பாலும் இதுவே. நாம் வசிக்கும் குடியிருப்பில், திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதமும் ஆகாத ஒரு பெண், மொழி தெரியாத கூச்சத்தில் மறுக்க மாட்டாமல், தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தாள். கண்ணெதிரிலேயே நீரில் நனைத்து, துலக்கி, மஞ்சள் பூசி, காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷமும் ஆகவில்லை. மாலையில் கணவர் நிறுத்துப் பார்த்தபோது நான்கரைக் கிராம் குறைந்திருந்தது. கொடி அறவில்லை, மணி ஒன்றும் உதிரவில்லை; எங்கே போயிற்று என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அப்பெண் பல நாள் உணவு கொள்ளவில்லை. தாய்வீட்டாருக்கு இன்றுவரை எழுதவில்லை என்று அறிகிறோம்.

கரைந்த பொன் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது அந்தக் கிண்ணத்து நீரில்தான் இருக்கிறது. நீரைக் கொண்டுபோய் வேறு இரசாயனம் சேர்த்தால் பொன் பொடியாக அடியில் தங்கும். ஆகையால் நகையை வாசலில் எவரிடமும் கழற்றிக் கொடுத்தல் ஆகாது. கடையில் மெருகுக்குக் கொடுத்தாலும் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பொன் நகையைத் துலக்குவதற்கு நம் பாட்டிமார் கையாண்ட பூந்திக்கொட்டை நீரே போதும். அது இங்கு 'ரீட்டா' என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

கறுத்துப்போன வெள்ளி விளக்குக்கோ இதைவிட நல்ல வழி உண்டு, அதுவும் மின்வேதியியல்தான். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தக வாயுவால் வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறியதே. தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும். முலாம் பொருளாயின் போர்வையே போய்விடும். அதற்குப் பதிலாக, ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி, ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, விளக்கு பாத்திரத்தைத் தொடும்படி வைத்தால் போதும். அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுக்க, கறுப்பு மீண்டும் வெள்ளியாகிறது. சிறிது அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். கல் இழைத்தவற்றையும், அழகுக்காகக் கறுப்பேற்றிய வேலைப்பாட்டையும் இதில் இடக்கூடாது. அப்பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கும் கொள்ள வேண்டா.

வெள்ளி முலாம் கிண்ணத்தில் கற்கண்டும் சந்தனமும் வைக்கலாம். தயிரும் எலுமிச்சம்பழமும் புளிக்குழம்பும் வைத்தல் தகாது. முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளை வெளிப்பட்டு, புளிப்புப் பட்டுப் பச்சைக் களிம்பு உண்டாகும். களிம்பு வயிற்றுக்கு ஆகாது.

இவ்வளவு பளபளப்பையும் தருகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. திராவகமும் சயனைடும் பார்சலில் வந்தால், 'ரெட் டாரிப்' என்று நாங்கள் வழங்கும் விதிநூலைப் பிரித்துவைத்துக்கொண்டு, கலத்தின் மூடியிலிருந்து ஒட்டிய சீட்டு வரையில் பார்த்த பின்பே தொடுகிறோம். சந்துக்குள் இருக்கும் முலாம் பட்டறையில் அவையே மூடியில்லாத தொட்டிகளில் கிடக்கின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையுறையின்றிக் கைவிட்டு எடுப்பதைக் கண்டிருக்கிறோம். குரோமியத் தொட்டியிலிருந்து எழும் நுண்திவலை மூக்கின் நடுத்தண்டையே துளைத்துவிடும், கையில் ஆறாத புண் உண்டாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சயனைடுத் தொட்டியில் தவறித் திராவகம் விழுந்தால் எழும் வாயு சில நிமிஷங்களில் உயிரைக் குடிக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழி இல்லாமல் இல்லை. சயனைடைக் காரநீரில் வெளுப்புத்தூளால் முறிக்கலாம்; குரோமியத்தின் நஞ்சைக் குறைத்துச் சுண்ணாம்பால் அடியில் தங்கச் செய்யலாம். பெரிய ஆலைகள் செய்கின்றன. சிறு பட்டறைகள் பல சாக்கடையில் விட்டுவிடுகின்றன. பித்தளைத் தொழிலால் பெயர்பெற்ற முராதாபாத்தின் ஓரமாக ஓடும் ராமகங்கை இதற்குச் சாட்சி.

இத்துறையில் ஆராய்ச்சி செய்யும் தேசிய நிலையம் நம் காரைக்குடியில் இருப்பதை இங்குள்ள பிள்ளைகள் பலர் அறியார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 25-7-1948 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 14-1-1953 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். ஊரார் 'சிக்ரி' என்பர். முலாம் மட்டுமின்றி மின்கலம், துருப்பிடித்தல் முதலியவற்றிலும் அங்கே ஆய்வு நடக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகையில், அந்நிலையம் இருக்கும் திசையையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு; பெரியவர் ஒருவர் உடன் இருத்தல் வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி நீர் விட்டு, இரண்டு சிறு கரண்டி மயில் துத்தத்தைக் கரைக்கவும். முதலில் ஓர் இரும்பாணியை இட்டு எடுத்தால் அது உடனே சிவக்கும். துணியால் துடைத்தால் அச்சிவப்புப் போய்விடும். மின்சாரமின்றிப் படிந்ததன் குணம் அது. பிறகு ஒரு பித்தளைச் சாவியைச் சாம்பலால் நன்கு துலக்கி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, டார்ச்சுக்குப் போடும் ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தின் தட்டையான அடிப்பக்கத்தோடு இணைக்கவும். சுரண்டிச் சுத்தம் செய்த தடித்த செப்புக் கம்பியை எதிரே தொங்கவிட்டு, மின்கலத்தின் குமிழ்ப்பக்கத்தோடு இணைக்கவும். கால்மணி நேரத்தில் மஞ்சள் சாவி செம்பு நிறமாகிவிடும். மெல்லத் துடைத்தாலும் போகாது. இனி இரண்டு இணைப்புகளையும் மாற்றிக் கட்டினால், ஏறிய செம்பு கரைந்து, சாவி மறுபடியும் மஞ்சளாவதைக் காணலாம்.

வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் தொடுதல் கூடாது. செப்புக் கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைக் கட்டவும் கூடாது. அதிலிருந்து முன் சொன்ன குரோமிய நஞ்சு நீரில் இறங்கும். மயில் துத்தமும் நஞ்சே. ஆகவே தம்ளர் மீண்டும் அடுக்களைக்குப் போகக்கூடாது. கரைசலைச் செடிக்கோ சாக்கடைக்கோ கொட்ட வேண்டா. செப்புக் கம்பி கரைந்து ஈடுசெய்துகொண்டே வருவதால் அது எளிதில் தீராது. ஒரு சீசாவில் ஊற்றி, 'விஷம்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தால் அடுத்த விடுமுறைக்கும் அதுவே போதும்.